கரடி கடைக்குப் போகிறது

ஃபால் ரிவர்
6 பிப்ரவரி 2019

டெல்பினாவுக்கு,

இதை அக்காவாக எழுதவில்லை. உன் லத்தீன் வகுப்பைத் தற்காலிகமாகப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியையாக எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

போன வாரம் உங்கள் தலைமையாசிரியர் கின்டால் கூப்பிட்டார். பள்ளிக்கூட வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து உனக்குத் தலையில் அடிபட்டது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரர் அர்மான்டிடம் விசாரித்தேன். மூளை அதிர்ந்திருக்கிறது, ஆறு ஏழு வாரத்துக்குப் போன் கூடாது, கணினி கூடாது, இரைச்சல் கூடாது, அதனால் வெர்மான்டில் தன் தங்கை வீட்டில் விட்டுவந்திருப்பதாகச் சொன்னார். காகிதத்தில் இருப்பதை மட்டும் நாளுக்குப் பத்து நிமிடம் படிக்கலாமாம். ஆகவே தபால்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் லத்தீன் சான்றிதழோடு சும்மா இருப்பவள் நான் ஒருத்திதான் என்றார் கின்டால். அந்தச் "சும்மா"வைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

உன் அறையைப் பற்றிச் சில கேள்விகள். மேசைகள் எங்கே? இருபத்தேழு நாற்காலிகள் அரைவட்டமாகக் கிடக்கின்றன, ஒரு மேசைகூட இல்லை. பாடநூல் எங்கே? அலமாரியைத் திறந்தால் ஒரு துணிக்கரடி, ஒரு பிளாஸ்டிக் வாள், மூன்று ஒட்டு மீசை, ஒரு ரப்பர் கோழி. சுவரில் வேற்றுமை அட்டவணை இல்லை. "யார், என்ன, எங்கே, ஏன்" என்று லத்தீனில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாய், பாலர் வகுப்பு மாதிரி.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள்தானே என்று நம்பி, ஐந்தாம் வேற்றுமைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டேன். ஜாஸ்லீன் பஷேகோ என்ற பெண் (பெரிய வளையத் தோடு, ஓயாத வாய்) பக்கத்திலிருந்த டினிஸிடம் சத்தமாகவே கேட்டாள்: "அது திங்கிறதாடா?"

சிரிப்பு அடங்க நாலு நிமிடம் ஆனது. பிறகு அந்த டினிஸ் கையைத் தூக்கி, கழிப்பறைக்குப் போக லத்தீனிலேயே அனுமதி கேட்டான். கொடுத்தேன்.

இவர்களுக்கு என்னதான் தெரியும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
பிலொமினா மெதெய்ரோஸ்


வெர்மான்ட்
10 பிப்ரவரி

பிலோ அக்கா,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். சின்ன எழுத்தெல்லாம் ஆடுகிறது. நாத்தனார் இவெட் சமையல் கடிகாரத்தில் பத்து நிமிடம் முறுக்கி வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கூடப் பிறந்தவளுக்கு நீ முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்துச் சிரித்ததில் இரண்டு நிமிடம் போய்விட்டது. சிரித்தால் தலை வலிக்கும். இனி அப்படிச் செய்யாதே.

உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா அந்த மனிதருக்கு!

ஹார்ட்ஃபோர்ட் மாநாட்டைப் பற்றி எழுத மாட்டேன். எண்பது ஆசிரியர்கள் முன்னால் எழுந்து, "உன் பிள்ளைகளுக்குக் கடல் என்ற சொல்லின் ஐந்தாம் வேற்றுமைப் பன்மை தெரியுமா?" என்று கேட்டவள் நீ. "உனக்கு லத்தீனில் ஒரு காபி வாங்கத் தெரியுமா அக்கா?" என்று திருப்பிக் கேட்டவள் நான். பேச்சு நின்று இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. எழுத மாட்டேன் என்றேனே, பார்.

வகுப்பு. கரடியின் பெயர் ஹொனோரியா. அவளை நடுவில் உட்கார வை. அவளுக்கு ஏதோ வேண்டும். என்ன வேண்டும் என்று பிள்ளைகளைக் கேள். சூப்பா, ரொட்டியா? யாருக்கு வேண்டும்? ஏன்? ஒரே சொல் ஐம்பது தடவை வர வேண்டும், ஐம்பது வெவ்வேறு கேள்வியில். முழுக்க லத்தீன், ஆனால் புரிகிற லத்தீன். யாராவது உள்ளங்கையில் முஷ்டியைக் குத்திக் காட்டினால் புரியவில்லை என்று அர்த்தம். நிறுத்து, பலகையில் எழுது, மறுபடி சொல். கேட்டுக் கேட்டுத்தான் வரும். நமக்குப் போர்ச்சுகீஸ் எப்படி வந்தது? அம்மா அட்டவணையா மாட்டினாள்?

தேர்வு வேண்டாம். மதிப்பெண் போடவே போடாதே, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். மார்ச் எட்டுக்குள் அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வுப் படிவம் வாங்குவார்கள். மூன்றாம் ஆண்டு லத்தீனுக்குப் பதினெட்டுப் பேர் சேராவிட்டால் கின்டால் அதை மூடிவிடுவார். இப்போது இருபத்துநாலு பேர் குறித்திருக்கிறார்கள். தயவுசெய்து அவர்களைப் பயமுறுத்தி

மணி அடித்துவிட்டது.

பீனா


ஃபால் ரிவர்
16 பிப்ரவரி

பீனாவுக்கு,

உன் கரடியை நடுவில் உட்கார வைத்தேன். தலைகுப்புற விழுந்தாள். தூக்கி வைத்தேன். மறுபடி விழுந்தாள். ஐம்பத்தேழு வயதில் ஒரு பொம்மையைப் பார்த்து "உனக்குச் சூப் வேண்டுமா?" என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன்.

பிராவிடன்ஸ் வீட்டிலிருந்து என் பழைய அட்டவணையைச் சுருட்டி எடுத்துவந்து மாட்டியிருக்கிறேன். சுவர் ஒன்றும் இடிந்துவிடவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன், பெரிதாக ஒன்றுமில்லை. வகுப்பு இப்போது மிகவும் அமைதியாக இருக்கிறது. அடுத்த வாரம் குளிர்கால விடுமுறை.

உங்கள் உணவுக்கூடத்தில் ரொட்டிக்கு நடுவில் நூடுல்ஸ் வைத்துத் தருகிறார்கள். இந்த ஊர்க்காரர்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிலொமினா


வெர்மான்ட்
24 பிப்ரவரி

அக்கா,

அமைதியாக இருக்கிறதா! கல்லறைகூட அமைதியாகத்தான் இருக்கிறது!

நேற்று அர்மான்ட் வந்தார். வியாழக்கிழமை வேலையாக லாரியில் ஜாஸ்லீன் வீட்டுக்குக் கணப்பு எண்ணெய் நிரப்பப் போயிருக்கிறார். அவள் அம்மா லாரியை மறித்துக்கொண்டு, கையில் ஒரு காகிதத்தை ஆட்டினாளாம். நூற்றுக்கு இருபத்திரண்டு! அர்மான்ட் அப்படியே நடித்துக் காட்டினார்:

"போன வாரம் வரைக்கும் சமையக்கட்டுல நின்னு என்னையே லத்தீன்ல வையும். கரடி மாதிரி நடந்து காட்டும். இப்ப என்னன்னா, 'எனக்கு லத்தீன் வராதும்மா, நான் மக்கு'ங்கிறா. எம்பொண்ண மக்குன்னு சொன்னது யாரு? உங்க பொண்டாட்டியா?"

"இல்லீங்க, அது அவங்க அக்கா."

"அக்காவோ சொக்காவோ! படிவத்துல லத்தீனை அடிச்சுட்டு சமையல் வகுப்புன்னு எழுதி வெச்சிருக்கா."

சின்னப் பயிற்சியா அது? ஐந்து வகைச் சொல்லுக்கும் அட்டவணையை ஒப்பிக்கச் சொல்லி, மதிப்பெண்ணை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறாய்! செய்யாதே என்று பெரிய எழுத்தில் எழுதினேனே. எத்தனை பேர் அடித்துவிட்டார்கள்? அதை எழுது. வேறு எதுவும் எழுதாதே.

இவெட் பேனாவைப் பிடுங்குகிறாள். என் முகம் சிவந்துவிட்டதாம்.

டெல்பினா


பிராவிடன்ஸ்
27 பிப்ரவரி

பீனா,

பதின்மூன்று பேர். மீதி பதினொன்று.

நான் வீட்டுக்கு அனுப்பவில்லை. பழக்கத்தில் கணினியில் ஏற்றினேன், அது தானாகவே பெற்றோருக்குப் போய்விட்டது. சாக்குச் சொல்லவில்லை. போகும் என்று தெரிந்திருந்தாலும் ஏற்றியிருப்பேன்.

திங்கட்கிழமை உள்ளே போனேன். யாரும் சிரிக்கவில்லை. ஜாஸ்லீன் தோடு இல்லாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் இருபத்தேழு பேரும் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். என் பள்ளியில் கடைசி ஐந்தாறு வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஓய்வு பெறவில்லை. எல்லோரிடமும் அப்படிச் சொல்லிவைத்தேன், அவ்வளவுதான். போன ஜூனில் லத்தீனுக்கு நாலே நாலு பெண்கள் சேர்ந்தார்கள். கான்வென்ட்டின் தலைமை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, முப்பத்தோரு வருடத்துக்கு நன்றி சொல்லி, ஒரு பூச்சட்டி கொடுத்தார்கள். அதை ரயில் நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். அங்கே மூடியதை நான் மூடவில்லை என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மூன்றே வாரத்தில் உன்னுடையதையும் முக்கால்வாசி மூடிவிட்டேன்.

கின்டாலிடம் போய், தப்பு என்னுடையது என்று எழுதிக்கொடுத்து மதிப்பெண்ணை நீக்கச் சொல்லிவிட்டேன். நீக்கிவிட்டார்கள். ஆனால் படிவம் படிவம்தான், மார்ச் எட்டு வரை மாற்றலாம், மாற்ற வேண்டியவர்கள் பிள்ளைகள் என்கிறார்.

வேறு ஆளை அழைக்கச் சொல்லட்டுமா? நிஜமாகத்தான் கேட்கிறேன்.

பிலோ


வெர்மான்ட்
2 மார்ச்

அக்கா,

வேறு ஆள் வேண்டாம். வேறு ஆள் இல்லவும் இல்லை.

பூச்சட்டி விஷயம் என்னிடம் சொல்லியிருக்கலாம். பேச்சில்லாதபோதும் நான் மூக்கை நீட்டிக்கொண்டு "எப்படி இருக்கிறது ஓய்வு?" என்று ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேனே. இப்போது நினைத்தால் தலை இன்னொரு பக்கமும் வலிக்கிறது.

நானும் ஒன்று சொல்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. நீ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாய். அம்மா ஆலையில் இரண்டாவது ஷிப்டு. நீ என்னைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து லத்தீன் சொல்லிக்கொடுத்தாய். ஒவ்வொரு தப்புக்கும் மரக்கரண்டியால் மேசையில் ஒரு அடி. என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். மேசையைத்தான் அடித்தாய். சத்தம் எனக்குத்தான் கேட்டது. குளியலறைக்குள் போய் அழுவேன். ஆனால் அந்த மொழி எனக்குப் பிடித்திருந்தது, அக்கா! அதுதான் ஆச்சரியம். அழுதுகொண்டே பிடித்திருந்தது. பெரியவளானதும் என் அறையில் லத்தீனுக்காக ஒரு பிள்ளை அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம், கரடி கோழி எல்லாம், பிறகு வந்ததுதான்.

நீ செய்ய வேண்டியது இதுதான். போய் உண்மையைச் சொல். லத்தீனில் சொல். மெதுவாக. உனக்கு வராத இடத்தில் அவர்களைக் கேள். தப்பு வந்தால் வரட்டும். உன் வாயிலிருந்து ஒரு தப்பு வருவதை அவர்கள் பார்க்க வேண்டும். நானும் பார்த்ததில்லை, இத்தனை வருடத்தில்.

ஹொனோரியாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு அகராதியை முட்டுக்கொடு, விழ மாட்டாள்.

மணி அடித்து மூன்று நிமிடம் ஆகிறது. இவெட் காது கேட்காத மாதிரி கீரை நறுக்குகிறாள்.

பீனா


ஃபால் ரிவர்
7 மார்ச்

என் அருமை பீனா,

பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துப் படி. இது நீளம்.

செவ்வாய்க்கிழமை காலை அட்டவணையைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்தேன். ஹொனோரியாவை உட்கார வைத்து அகராதியை முட்டுக்கொடுத்தேன். அகராதிக்கு இப்படி ஒரு பயன் இருப்பது தெரியாமலே வாழ்ந்துவிட்டேன். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். தரையைப் பார்த்தார்கள். நான் அவர்களுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "திமெயோ" என்றேன். பயமாக இருக்கிறது என்று.

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்து, சுவரில் நீ ஒட்டியிருக்கும் "ஏன்" என்ற சொல்லைச் சுட்டிக்காட்டியது. ஜாஸ்லீன். வாயைத் திறக்கவில்லை, விரல் மட்டும்.

லத்தீனில் பதில் சொன்னேன். எத்தனை தடவை திக்கினேன் என்பதை எண்ண ஒரு பெண்ணை நியமித்திருந்தால் அவள் விரல் போதாது. எனக்குப் புத்தகம் தெரியும், பேசத் தெரியாது, நீங்கள் பேசுகிறீர்கள், நான் உங்களைப் பார்த்துப் பயந்தேன், பயத்தில் உங்களைப் பயமுறுத்தினேன். இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது. நடுவில் "வெட்கம்" என்ற சொல்லுக்கு வினை உருவம் வராமல் நின்றபோது மூன்று பேர் எடுத்துக்கொடுத்தார்கள்.

டினிஸ் சொன்னான்: "எங்களுக்கு அப்படியே தலைகீழ், மிஸ். பேச்சு வருது, புத்தகத்தைப் பாத்தாத்தான் பயம்."

"அப்ப ஒரு கதை சொல்லலாமா?" என்றேன். ஒரு கிழட்டுக் கரடி. புத்தகத்தில் இருக்கும் எல்லாச் சொல்லும் அவளுக்குத் தெரியும். ஆனால் பசி என்று சொல்லத் தெரியாது. அவளுக்கு என்ன வேண்டும்? சூப்பா, ரொட்டியா? "சொரீசு!" என்று ஐந்தாறு குரல். பன்றித் தொத்திறைச்சி இல்லாமல் இந்த ஊரில் ஒரு கதையும் நகராது. எங்கே கிடைக்கும்? கொலம்பியா தெருவில். யார் கடையில்? டினிஸ் மாமா கடையில். டினிஸ் எழுந்து ஒரு மீசையை ஒட்டிக்கொண்டு மாமாவானான். எனக்குச் சூடு பிடித்துவிட்டது. எழுந்து நின்று, கையை வீசி, கரடி மாதிரி நாலு எட்டு வைத்து, வேகமாக ஒரு வாக்கியம் சொன்னேன்.

ஜாஸ்லீன் உள்ளங்கையில் முஷ்டியைக் குத்தினாள்.

"மிஸ், ஒரு நிமிஷம். கரடி ஏற்கெனவே கடைக்குள்ளதான் இருக்கா, இல்ல இப்பத்தான் போகுதா?"

"இப்பத்தான் போகுது."

"அப்ப தபெர்னம்னு வரணும்ல? நீங்க தபெர்னான்னுட்டீங்க. கடைக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்ற மாதிரி இருக்கு."

கடைக்குப் போகிறது என்று சொல்வதற்குப் பதில் கடையில் போகிறது என்று சொல்லியிருக்கிறேன், பீனா! நான்! செப்டம்பர் தோறும் பலகையில் எழுதி அடிக்கோடு போட்ட விதி. அதைத் தவறவிட்ட பெண்களின் தாளில் நான் போட்ட சிவப்பு வட்டங்களை அடுக்கினால் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போகும்.

"இது உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?" என்றேன்.

"யாரும் சொல்லல, மிஸ். காதுல இடிக்குது."

காதில் இடிக்கிறதாம்! என் பழைய பள்ளிப் பெண்கள் அந்த விதியைத் தூக்கத்தில் ஒப்பிப்பார்கள். அவர்கள் காதில் ஒரு நாளும் எதுவும் இடித்ததில்லை. என் காதிலும்தான்.

"ஜாஸ்லீன், முதல் நாள் நான் கேட்டேனே ஐந்தாம் வேற்றுமை, அது இதுதான். உள்ளே இருந்தா அது. உள்ளே போனா நாலாவது."

அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "அய்ய, இதுவா அது? இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் என்னமோ பெரிய விஷயம்னு பயந்துட்டேன்!"

நான் சிரித்த சிரிப்பில் ஹொனோரியாவின் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. வகுப்பு முழுக்கச் சிரித்தது. பக்கத்து அறைக் கணக்கு ஆசிரியர் சுவரைத் தட்டினார்.

அந்தச் சத்தத்தில் டினிஸ், மீசையோடு, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டான். முதல் நாள் அவன் கேட்டபோது நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன், பீனா. உனக்கு எழுதவில்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது "லிச்செட்" என்றேன். போகலாம். ஒரே சொல். வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது. கழிப்பறைக்குப் போக இவ்வளவு கைதட்டு வாங்கியவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

நேற்றும் இன்றும் கதை தொடர்ந்தது. கரடிக்கு இன்னும் சொரீசு கிடைக்கவில்லை. நாளை எட்டாம் தேதி. படிவத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இப்படி ஒரு வியாழக்கிழமை.

மரக்கரண்டி. எனக்கு நினைவே இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். பொய். நன்றாக நினைவிருக்கிறது. மன்னித்துவிடு.

பிலோ


வெர்மான்ட்
10 மார்ச்

அக்கா!

உன் கடிதத்தை இரண்டு தவணையாகப் படித்தேன். முஷ்டி குத்திய இடத்தில் மணி அடித்துவிட்டது. இவெட் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவள், அடுப்படியில் நின்று தானே மிச்சத்தைப் படித்துவிட்டு "அய்யோ!" என்று சிரிக்கிறாள். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. வாழ்நாளில் இவ்வளவு நீண்ட இரவு கிடையாது.

உன் வாயிலிருந்து ஒரு தப்பு! நான் அங்கே இல்லாமல் போனேனே!

மன்னிப்பெல்லாம் இருக்கட்டும். படிவம் என்னாயிற்று? என்னாயிற்று? என்னாயிற்று?

பீனா


ஃபால் ரிவர்
13 மார்ச்

பீனா,

பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை மதியம் வரை பதினைந்துதான். நான் ஆசிரியர் அறையில் அந்த நூடுல்ஸ் ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு, படிவங்களை வாங்கும் வழிகாட்டி ஆசிரியை பெட்டன்கூர் வந்து, "உங்க வகுப்புப் பொண்ணு ஒருத்தி என் வாசல்ல கடை போட்டிருக்கா, வந்து பாருங்க" என்றாள். ஜாஸ்லீன் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து, லத்தீனை அடித்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கரடிக்கு சொரீசு கிடைச்சுதா இல்லையான்னு தெரிய வேணாமா உனக்கு? அப்ப எழுதுடா."

"எனக்குத் தேர்வுன்னா பயம்."

"அந்தம்மாவுக்கே வரல, உனக்கென்ன பயம்?"

நான் தூண் மறைவில் நின்றேன். அந்தம்மா என்பது நான்தான் என்று வெளியே வந்து சொல்லவில்லை.

எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள். ஐந்து பேர் வரவில்லை. அந்த ஐந்து பேர் என் கணக்கில். அதில் ஒரு பெண் என்னைப் பார்த்தால் வேறு தாழ்வாரத்தில் திரும்பிவிடுகிறாள். அதை நான் அழிக்க முடியாது.

திங்கட்கிழமை நீ சொல்வது மாதிரி ஐந்து நிமிடம், கையெடுக்காமல், கதையை எழுதச் சொன்னேன். அகராதி இல்லை, கேள்வி இல்லை. டினிஸ் எண்பத்தாறு சொல் எழுதியிருக்கிறான். பதினொரு தப்பு. சிவப்புப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். ஏனென்றால் படித்துக்கொண்டிருந்தேன், பீனா. திருத்தாமல், அடுத்து என்ன நடக்கும் என்று. அவன் கதையில் கரடி மாமாவின் மீசையைத் தின்றுவிடுகிறது. ஒரு மாணவனின் லத்தீன் தாளைப் படித்துச் சிரித்தது எனக்கு இதுதான் முதல் முறை, துக்கத்தில் சிரித்ததைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

மருத்துவர் இருபத்தைந்தாம் தேதி நீ வரலாம் என்றாராமே. அர்மான்ட் சொன்னார். சந்தோஷம். கொஞ்சம் வருத்தமும். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பிலோ


ஃபால் ரிவர்
27 மார்ச்

அக்கா,

இருபது மைல் தூரத்துக்குத் தபால்தலை ஒட்டுவது கேலிக்கூத்துதான். ஆனால் போனைக் காதில் வைத்தால் இன்னும் தலை கிண்ணென்கிறது. தவிர, எனக்கு இது பழகிவிட்டது.

புகார் எழுதத்தான் உட்கார்ந்தேன். என் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டாய். திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். எழுந்து நிற்க யார் சொல்லிக்கொடுத்தது? நான் வானத்தைக் "கைலும்" என்றேன். ஜாஸ்லீன், "மிஸ், அது செலும் இல்ல?" என்றாள். கோயிலில் பாதிரியார் சொல்கிற மாதிரி! "ரெண்டும் சரிதான்" என்றேன். "ஆனா பிலோ மிஸ் சொல்றது பாட்டு மாதிரி இருக்கு" என்கிறாள். பதினொரு வருடமாக இந்த அறையில் தொண்டை வறளப் பேசியவள் நான்.

பிறகு உன் அட்டவணை. அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார்கள். கழற்றப் போனேன். டினிஸ் குறுக்கே வந்து நின்றான்.

"மிஸ், அதை எடுக்காதீங்க."

"இதை யாராவது பாக்குறீங்களா?"

"எழுதுறப்ப சந்தேகம் வந்தா பாப்போம். யாரும் ஒப்பிக்கச் சொல்லல. சும்மா இருக்கட்டுமே."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கதவு திறந்திருக்கும்போது தெரியாது என்பதால் மட்டும்.

அப்புறம், நியூ பெட்ஃபோர்டில் ஒரு பள்ளியில் செப்டம்பரிலிருந்து லத்தீனுக்கு ஆள் தேடுகிறார்கள். விண்ணப்பத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். வைத்ததற்குத் திட்டாதே. கிழித்துப் போடவும் செய்யாதே.

பீனா


பிராவிடன்ஸ்
6 ஏப்ரல்

பீனா,

திட்டினேன். உனக்குக் கேட்கவில்லை. பிறகு விண்ணப்பத்தை நிரப்பினேன்.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். ஒரு நீண்ட மேசை, ஐந்து பேர். பதினைந்து நிமிடம் எங்களுக்கே ஒரு பாடம் நடத்துங்கள் என்றார் தலைமையாசிரியை. பையில் ஒரு காகிதமும் கொண்டுபோகவில்லை. அவர்களில் ஒருவர் வேதியியல் ஆசிரியர், பெரிய உருவம், கடுமையான முகம், லத்தீனில் ஒரு சொல்கூடத் தெரியாதாம். அவரைத்தான் பிடித்தேன். அவருக்கு ஏதோ வேண்டும். என்ன வேண்டும்? மீனா, பணமா, மனைவியா? ஜன்னலுக்கு வெளியே கடலைக் காட்டினேன், பையைக் காட்டினேன், மோதிரத்தைக் காட்டினேன். மீன் வேண்டுமா? அவருக்கு மீன் வேண்டுமா, அல்லது மீனுக்கு அவர் வேண்டுமா? பத்தாவது நிமிடத்தில் அந்த மனிதர் மேசையைத் தட்டி, லத்தீனில், "வேண்டாம்! மீன் வேண்டாம்! மனைவி வேண்டும்!" என்றார். அவர் மனைவி அந்த ஐந்து பேரில் ஒருத்தி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தம்மா முகம் சிவந்துபோனாள்.

எல்லாம் அடங்கிய பிறகு தலைமையாசிரியை கேட்டார்: "இந்த முறையில எத்தனை வருஷமாச் சொல்லிக்கொடுக்கிறீங்க?"

முப்பத்தொன்று என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விண்ணப்பத்திலும் அப்படித்தான் இருந்தது, யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

"பதினாலு நாள்" என்றேன்.

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி லத்தீனைப் பத்திச் சொல்லிக்கொடுத்துக்கிட்டிருந்தேன்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். தொலைந்தது என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டி வந்தேன். பாலத்தில் தப்பான தடத்தில் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன். புதன் போன் இல்லை. வியாழன் இல்லை. நேற்றுச் சாயங்காலம் வந்தது. செப்டம்பரிலிருந்து நாலு வகுப்பு. வேதியியல் ஆசிரியர் வீட்டில் மூன்று நாளாக மனைவியை லத்தீனில்தான் கூப்பிடுகிறாராம்.

ஈஸ்டருக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இனிப்பு ரொட்டி நான் சுட்டுக் கொண்டுவருகிறேன், நீ அடுப்புப் பக்கம் போகாதே. ஜாஸ்லீனிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் அழுதுவிடுவேன், அவள் அதை வகுப்பு முழுக்க நடித்துக் காட்டுவாள்.

போனை வைத்ததும் சமையலறையில் தனியாக நின்றேன். "கௌதெயோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. முரண்டு பிடிக்கிற வினைச்சொல் அது, உனக்கே தெரியும், இறந்த காலத்தில் உருவம் மாறிவிடும். அதை எல்லாக் காலத்திலும், எல்லா இடத்திலும், ஒரு பிழையில்லாமல் ஆயிரம் பெண்களுக்கு ஒப்பித்துக் காட்டியிருக்கிறேன். எனக்காக அதைச் சொன்னது நேற்றுத்தான்.

பிலோ